முத்திரை மோகம்

ஆளைக் கண்டதும் அறிவு என்ன என்று கேட்பதில்லை, ஆற்றல் என்ன என்று கேட்பதில்லை, "நீ எந்தக் குலம்?" என்று கேட்டே பழகிப்போன சமுதாயம் இது. அந்தப் பழக்கம் மனிதரோடு நின்றுவிடுமா? இரும்பையும் ரப்பரையும் இணைத்து இரண்டு உருளைகளின்மேல் நிறுத்திய மிதிவண்டியைப் பார்த்தாலும் அதே கேள்விதான். ஓடுமா என்று கேட்பதற்கு முன்னே, உழைக்குமா என்று கேட்பதற்கு முன்னே, "என்ன கம்பெனி?" என்பதே முதற் கேள்வி. விடை பிடித்த பெயராக இருந்துவிட்டால், அடுத்த கேள்வி எழுவதில்லை. பிடிக்காத பெயராக இருந்தாலோ, அப்போதும் அடுத்த கேள்வி எழுவதில்லை!

கேள்வி எங்கே நிற்கிறதோ, அங்கே அறிவும் நின்றுவிடுகிறது, தோழர்களே! மிதிவண்டி வாங்குவது சிறு காரியம், இதற்கு ஒரு கட்டுரையா என்று எண்ணிவிட வேண்டாம். உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருளைச் சோதித்துப் பார்க்கச் சோம்பல்படுகிறவன், பணம் கொடுக்காமல் கிடைக்கும் கருத்துகளைச் சோதித்துப் பார்ப்பான் என்பதற்கு என்ன உறுதி?

என் இளமை, திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் இடையே, வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஒரு சிற்றூரில் கழிந்தது. 1960-களின் தொடக்கத்தில், சீமை மிதிவண்டி என்று பெருமையோடு சொல்லத்தக்கவை எங்கள் ஊரில் மூன்றே மூன்று. மூன்றும் 1950-ஆம் ஆண்டை ஒட்டி வாங்கப்பட்டவை. என் பெரியப்பாவிடம் ராலே. என் தாய்மாமனிடம் ஹம்பர். பள்ளி ஆசிரியரிடம் ரட்ஜ். மாலையில் மூவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடுவார்கள். வண்டிகள் மூன்றும் வேப்பமரத்தடியில் ஓய்வெடுக்கும். அவற்றின் புகழ் மட்டும் ஓய்வில்லாமல் திண்ணையில் ஓடும்.

ராலேயின் முன்பல்சக்கரத்தில் நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். ஹம்பரின் பல்சக்கரத்தில் ஓடும் மனிதர் உருவங்கள். ரட்ஜின் பல்சக்கரத்தில் விரித்த கை. நாரையா, மனிதனா, கையா என்று நடக்கும் அந்த வழக்குக்குத் தீர்ப்பு வந்த நாளே இல்லை.

"ஹம்பரின் முன்கவையைப் பாருங்கள், மச்சான்! இந்தப் பக்கம் இரண்டு கால், அந்தப் பக்கம் இரண்டு கால். உங்கள் ராலேக்கு இது உண்டா?" என்பார் மாமா.

"நான்கு கால் மாட்டுக்கு வேண்டும், மாப்பிள்ளை. மிதிவண்டிக்கு எதற்கு?" என்பார் பெரியப்பா.

ஆசிரியர் இரண்டையும் கேட்டுவிட்டு, மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு, "என்ன இருந்தாலும் ரட்ஜ், ரட்ஜ்தான்" என்று முடிப்பார். அதற்கு மேல் வாதமில்லை. ஏனென்றால் அதற்குள் வாதமே இல்லை! ஒரு முறை இந்தச் சண்டை முற்றி, மாமாவும் பெரியப்பாவும் ஒரு பொங்கல் முழுவதும் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

உண்மை என்ன? இங்கிலாந்தில் நாட்டிங்காம் என்ற நகரில், ராலே தெருவில் இருந்த சிறு பட்டறை ஒன்றை 1887-ல் பிராங்க் பௌடன் என்ற வழக்கறிஞர் கண்டு, அதில் தம் பணத்தைப் போட்டார். அதுவே ராலே கம்பெனியாக வளர்ந்தது. அந்த ராலே, 1932-ல் ஹம்பரின் மிதிவண்டித் தொழிலை விலைக்கு வாங்கியது. 1943-ல் ரட்ஜையும் வாங்கியது. போருக்குப் பிறகு கப்பலேறி நம் துறைமுகத்தில் வந்திறங்கிய நாரையும், ஓடும் மனிதனும், விரித்த கையும் ஒரே முதலாளியின் சரக்கு. ஒரே ஊரின் சரக்கு. வேப்பமரத்தடியில் நின்ற மூன்று வண்டிகளும் உடன்பிறப்புகள். அவை ஒன்றோடொன்று சாய்ந்து அமைதியாக நின்றிருந்தன. அவற்றுக்காகச் சண்டையிட்ட உறவினர்தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்!

பழைய பெயர்களை வாங்கிய முதலாளி, ஏன் அவற்றைத் தூக்கி எறியவில்லை? ஏன் ஹம்பரின் நான்கு கால் கவையையும், ரட்ஜின் கையையும் காப்பாற்றி வைத்தார்? பெயரில்தான் பற்று இருக்கிறது, பற்றில்தான் பணம் இருக்கிறது என்பதை அவர் அறிவார். இயந்திரத்தை வாங்கினால் அது தேயும். கட்டடத்தை வாங்கினால் அது இடியும். மக்கள் மனத்தில் ஊறிய பெயரை வாங்கினால் அது தேய்வதுமில்லை, இடிவதுமில்லை.

முத்திரை என்பது பிறவியிலேயே கெட்டது என்று நான் சொல்லவில்லை. நேர்மையான தொழிலாளி தன் பொருளின்மீது தன் பெயரைப் பொறித்தான். "இது பழுதானால் என்னைக் கேள்" என்பது அதன் பொருள். போலிச் சரக்கு மலிந்த சந்தையில் அது வாங்குபவனுக்குப் பாதுகாப்பு. அந்த அளவில் முத்திரை ஒரு வாக்குறுதி. ஆனால் வாக்குறுதி தந்தவன் ஒருவன், அதை விலைக்கு வாங்கியவன் வேறொருவன், அதன் பெயரால் பொருள் செய்கிறவன் மூன்றாமவன் என்று ஆகிவிட்ட பிறகு, "என்னைக் கேள்" என்ற சொல்லில் உள்ள அந்த "நான்" யார்? அதைக் கேட்பது கடமையல்லவா?

பெயர்கள் எப்படிக் கைமாறின என்று பாருங்கள். 1910-ல் பர்மிங்காமில் கிரேன் சகோதரர்கள் தொடங்கிய ஹெர்குலிஸ், 1946-ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பிலிப்ஸ் மிதிவண்டி அதற்கு முன்னரே அந்நிறுவனத்திடம் இருந்தது. துப்பாக்கி செய்யும் தொழிலாளர் 1861-ல் கூடித் தொடங்கிய பி.எஸ்.ஏ., மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய சின்னத்தோடு மிதிவண்டியும் செய்தது. அதன் மிதிவண்டித் தொழில் 1957-ல் ராலேக்கு விற்கப்பட்டது. 1960-ல் அந்த ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. ஆக, 1960-க்குப் பிறகு சீமையில் ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் ஆகிய ஆறு பெயர்களுக்கும் ஒரே வீடு! ஆறு கொடிகள் பறந்தன, கோட்டை ஒன்றுதான்.

அந்தக் கோட்டையும் நிலைத்ததா? 1987-ல் ராலே மீண்டும் விற்கப்பட்டது. 2002-ல் நாட்டிங்காம் தொழிற்சாலையில் மிதிவண்டி செய்யும் வேலை நின்றது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் சங்கொலி கேட்டு நுழைந்த அந்த நிலத்தின் ஒரு பகுதியில் இன்று நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் கட்டடங்கள் நிற்கின்றன. தொழிற்சாலை போயிற்று, நாரை மட்டும் போகவில்லை. அது இன்னும் பறந்துகொண்டிருக்கிறது, கூடு எங்கே என்று கேட்காதவர்களின் தலைக்குமேல்.

இங்கே நம் சென்னையை அடுத்த அம்பத்தூரை நினையுங்கள். முருகப்பா குழுமமும் மேற்சொன்ன டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூடி, 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் என்ற நிறுவனத்தை உருவாக்கின. முதலில் ஹெர்குலிஸ், பின்னர் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று ஒரே நிறுவனத்திலிருந்து மூன்று பெயர்கள் வெளிவந்தன. ஊர்ப்புறத்திலோ, "நான் ஹெர்குலிஸ் கட்சி", "நான் பி.எஸ்.ஏ. கட்சி" என்று தேநீர்க் கடைகளில் தொடை தட்டினார்கள். வண்டியைச் செய்தவன் நம்மைப்போல் சோறு தின்று, நம் மொழி பேசி, ரயிலேறி வேலைக்குப் போன தொழிலாளி. அவன் திறமைக்குக் கிடைக்கவேண்டிய பாராட்டு, பர்மிங்காமிலிருந்து வந்த பெயருக்குக் கிடைத்தது. "சீமை வண்டி, அதுதான் இப்படி ஓடுகிறது!" என்று அம்பத்தூர் வண்டியைப் பார்த்து வியந்த பெரியவர்களை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

வடக்கே லூதியானாவில் முஞ்சால் சகோதரர்கள் 1956-ல் ஹீரோ மிதிவண்டியைத் தொடங்கினார்கள். உள்நாட்டுப் பெயர், அதனால் ஏளனம்! அந்த ஏளனத்துக்கு உள்ளான நிறுவனம், உலகத்திலேயே மிகுதியாக மிதிவண்டி செய்யும் நிறுவனம் என்று 1986-ல் கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அதற்காக இனி ஹீரோவைத் தொழுங்கள் என்பேனா? சோனிப்பட்டில் 1951-ல் தோன்றி நாடெங்கும் புகழ்பெற்ற அட்லஸ், தன் சாகிபாபாத் தொழிற்சாலையை 2020-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள், உலக மிதிவண்டி நாளன்று, மூடியது. பெயரின்மீது இலட்சம் பேர் வைத்த பற்று, வாயிலில் நின்ற தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியாகவும் மாறவில்லை. சீமைப் பெயரைத் தூக்கிவிட்டு அந்தப் பீடத்தில் சொந்தப் பெயரை வைத்துவிட்டால் அறிவு பிறந்துவிடாது. பீடத்தையே தூக்க வேண்டும்.

திண்ணைச் சண்டையும் தேநீர்க் கடைச் சண்டையும் சிரித்துவிட்டுப் போகத்தக்கவைதாம். ஆனால் இந்த முத்திரை மோகம் சிரிப்போடு நின்றதில்லை. எங்கள் வீட்டில் அது கண்ணீராக வந்தது.

வரதட்சணையைத் தடுக்கும் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. சட்டம் தில்லியில் இருந்தது. சம்பந்தி எங்கள் திண்ணையில் இருந்தார். ஆண்டு 1967. என் அக்காளுக்குத் திருமணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீடு புதுக்கோட்டைப் பக்கம். நகை பேசி முடிந்தது, பாத்திரம் பேசி முடிந்தது, மாப்பிள்ளைக்கு ஒரு மிதிவண்டி என்பதும் முடிந்தது. வெற்றிலைத் தட்டு மாற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, வண்டி என்று பொதுவாகச் சொல்லிவிட்டோம். பின்னால் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது. ராலே என்று எழுதிக்கொள்ளுங்கள்."

என் தந்தையார் மெதுவாகச் சொன்னார்: "ஹெர்குலிஸ் வாங்கித் தருகிறேனே, சம்பந்தி. நம் சென்னையில் செய்தது. நானே ஓட்டிப் பார்த்து, நல்லதாக எடுத்து வருகிறேன்."

"ஓடுவது இருக்கட்டும். ஊர் என்ன சொல்லும்?"

கேட்டீர்களா, தோழர்களே! ஓடுவது இருக்கட்டுமாம்! மிதிவண்டியின் ஒரே வேலை ஓடுவது, அது இருக்கட்டும். ஊர் என்ன சொல்லும் என்பதே பெரிது. அந்த இரண்டு பெயர்களுக்கு இடையே இருந்த விலை வேறுபாட்டுக்காக எங்கள் வீட்டுக் கறவை மாடு ஒன்று சந்தைக்குப் போயிற்று. கன்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடியது; அக்காள் அதைப் பிடித்துக் கட்டிவிட்டு, கொட்டிலிலேயே வெகுநேரம் நின்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாட்டின் விலை வண்டியின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு சிறு பட்டயத்துக்குப் போனது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

பிற்காலத்தில் படித்தறிந்தபோதுதான் இந்தக் கொடுமையின் முழு உருவமும் தெரிந்தது. 1967-ல் நம் ஊர்க் கடைகளுக்கு வந்த ராலே, நாட்டிங்காமிலிருந்து வந்ததன்று. 1950-களில் வங்காளத்து அசன்சோல் அருகே எழுந்த சென்-ராலே தொழிற்சாலையில் செய்தது. அசன்சோல் தொழிலாளி அம்பத்தூர்த் தொழிலாளிக்கு இளைத்தவரும் அல்லர், மேம்பட்டவரும் அல்லர். சீமையிலோ, ராலே என்ற பெயருக்கும் ஹெர்குலிஸ் என்ற பெயருக்கும் 1960 முதலே ஒரே முதலாளி. சண்டையில்லாத இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு மாடு பலியாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் வண்டியைத் தூக்கிப் பார்த்தார்களா? சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்களா? இல்லை. நாரை இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. தாலி ஏறியது.

முத்திரையை நம்பாதே என்றால், பின் எதை நம்புவது? இதற்கு விடை எனக்கு நூலகத்தில் கிடைக்கவில்லை, கடைத்தெருவில் கிடைத்தது. எங்கள் ஊரில் வாடகை மிதிவண்டிக் கடை வைத்திருந்த பெரியவரை எல்லோரும் பாய் என்றே அழைப்போம். குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகிய சிறுவர் அனைவருக்கும் அவரே ஆசான். அவர் கடையில் இருந்த பத்து வண்டிகளுக்கும் எண் உண்டு, பெயர் கிடையாது. பட்டயங்களைக் கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டார்.

"தம்பி, பேரு கழுத்திலே இருக்குது; உசிரு பால்ரஸிலே இருக்குது" என்பார்.

அவர் ஒரு வண்டியைச் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி வண்டிக்கும், எந்தக் காலத்து வண்டிக்கும் பொருந்தும் முறை அது. பின்சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தில் ஒரு நூலைக் கட்டுவார். அதைப் பிரேமின் ஒரு பக்கமாகக் கொண்டுபோய், முன்கழுத்துக் குழாயைச் சுற்றி, மறு பக்கமாக இழுத்து வந்து, அச்சின் அடுத்த முனையில் கட்டுவார். பிறகு, சீட்டைத் தாங்கும் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் அளப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். வேறுபட்டால் பிரேம் கோணல். கழுத்தில் என்ன பெயர் இருந்தாலும் கோணல் கோணலே!

அடுத்து, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பார். அது விரிந்து சுருங்கினால் சக்கரத்தில் கோட்டம். ஸ்போக்குக் கம்பிகளை விரலால் சுண்டிக் காது கொடுப்பார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறத்தாழ ஒரே ஒலி தர வேண்டும். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைப்பார். ஆட்டம் இருந்தால் உள்ளே பால்ரஸ் தேய்ந்திருக்கிறது, அல்லது சரியாக இறுக்கப்படவில்லை. கடைசியாக ஓர் அடிக்கோலை எடுத்துச் செயின்மேல் வைப்பார். செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடைவெளி அரை அங்குலம். ஆகவே ஓர் ஆணியின் நடுவில் கோலின் தொடக்கத்தை வைத்தால், அதிலிருந்து 24-ஆவது ஆணியின் நடு, சரியாக 12-ஆவது அங்குலத்தில் விழ வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி விழுந்தால் அந்தச் செயின் தேய்ந்துவிட்டது. மாற்றாவிட்டால் பல்சக்கரத்தையும் தின்றுவிடும்.

ஒரு நூல், ஓர் அடிக்கோல், இரண்டு கண், ஒரு காது. இவ்வளவுதான் கருவிகள். விலை உயர்ந்த வண்டியும் இந்தச் சோதனையில் தோற்பதைக் கண்டிருக்கிறேன். விலை குறைந்த வண்டியும் வெல்வதைக் கண்டிருக்கிறேன். பெயரைக் கேட்காமல் தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம் எங்கள் ஊரில் அந்தக் கடை ஒன்றுதான்.

அந்தக் காலம் போயிற்று, இன்றைய இளைஞர் தெளிந்துவிட்டார்கள் என்று எண்ணுகிறீர்களா? விடியற்காலையில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சென்று பாருங்கள். தலைக்கவசம் அணிந்த இளைஞர் கூட்டம் கூட்டமாக வண்டி ஓட்டுகிறார்கள். காணக் கண் குளிர்கிறது. ஆனால் ஓய்வெடுக்க நிற்கும்போது அவர்கள் பேச்சைக் கேளுங்கள். திண்ணை மாறியிருக்கிறது, வழக்கு மாறவில்லை! நாரையும் கையும் போய், இப்போது கியர் கம்பெனிகளுக்குக் கட்சி. ஜப்பானின் சக்காய் நகரில் 1921-ல் பிரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோவுக்கு ஒரு கட்சி. இத்தாலியின் விசென்சா நகரில் துல்லியோ கம்பஞோலோ 1933-ல் தொடங்கிய கம்பெனிக்கு ஒரு கட்சி. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1987-ல் தோன்றிய ஸ்ராமுக்கு ஒரு கட்சி.

"எங்கள் பற்றுக்குக் காரணம் உண்டு, ஐயா. ஒரு கம்பெனியின் கைப்பிடி இன்னொரு கம்பெனியின் கியரோடு சேராதே!" என்றான் ஓர் இளைஞன் என்னிடம். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1984-ல் ஷிமானோ கொண்டுவந்த முறையில், கைப்பிடியில் ஒரு சொடுக்கு விழுந்தால் கம்பி ஒரு குறிப்பிட்ட அளவு நகரும். கியரும் ஒரு பல்சக்கரம் தாவும். பழகுவோருக்கு அது பெரும் வசதி. ஆனால் அந்த அளவைக் கம்பெனிக்குக் கம்பெனி வேறாக வைத்துக்கொண்டார்கள். ஒன்றை வாங்கியவன் மற்றதையும் அங்கேயே வாங்க வேண்டும். இதற்குப் பெயர் பற்றா? பூட்டு! பூட்டப்பட்டவன் "இந்த வீடு எனக்குப் பிடித்திருக்கிறது" என்று பாடத் தொடங்கினால், பூட்டியவன் மகிழாமல் என்ன செய்வான்?

பூட்டும் புதிதன்று. மிதிவண்டியின் அடிப்பகுதியில், கிராங்க் அச்சைத் தாங்கும் கிண்ணங்களுக்கு ஓர் அங்குலத்துக்கு 24 மரை என்பது இங்கிலாந்தில் பொது வழக்கம்; ராலே தனக்கென்று 26 மரை வைத்துக்கொண்டது. கிண்ணம் தேய்ந்தால் ராலே கிண்ணமே தேட வேண்டும். அதே வண்டியின் செயினில் இருந்த அரை அங்குல இடைவெளியோ உலகப் பொது. அதனால்தான் எந்த ஊர்ச் செயினையும் எந்த ஊர் வண்டியிலும் மாட்டிச் சிற்றூர்க் கடைக்காரர் ஏழையின் பிழைப்பைக் காப்பாற்ற முடிந்தது. பொது அளவு ஏழைக்குத் துணை. தனி அளவு முதலாளிக்குத் துணை. வாங்கும்போது நாம் கேட்கவேண்டிய கேள்வி "எந்தக் கம்பெனி?" என்பதன்று, "இது பழுதானால் என் ஊர்க் கடையில் சீராகுமா? வேறு கம்பெனியின் உறுப்பு இதில் சேருமா?" என்பதே.

பிரேமின் கதையும் இதுவே. தைவான் நாட்டில் 1972-ல் தோன்றிய ஜயன்ட் என்ற நிறுவனம், அமெரிக்கரின் அன்புக்குரிய சிகாகோ ஷ்வின் கம்பெனிக்கு வண்டி செய்து கொடுத்தது. 1981 முதல் தன் சொந்தப் பெயரிலும் விற்றது. ஷ்வின் பெயரை நெஞ்சில் பச்சை குத்தியவன், தைவான் வண்டி என்று ஜயன்டை இகழ்ந்திருப்பான். அவன் இகழ்ந்த கைகளே அவன் புகழ்ந்த வண்டியையும் செய்திருக்கக் கூடும்!

"அப்படியானால் நம்பிக்கையே கூடாதா? ஒவ்வொரு திருகாணியையும் நானே அளந்துகொண்டிருந்தால் எப்போது வண்டி ஓட்டுவது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. பத்தாண்டு ஓட்டிப் பார்த்து, "இந்தச் சீட் என் உடலுக்கு ஏற்றது, மறுபடியும் இதையே வாங்குவேன்" என்பது அறிவு. அனுபவம் தந்த முடிவு. "இதன் உறுப்புகள் என் ஊரில் கிடைக்கும், என் ஊர்க் கடைக்காரர் இதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர், ஆகவே இதை வாங்குகிறேன்" என்பதும் அறிவுதான். அதைப் பற்று என்றாலும் சரி, பழக்கம் என்றாலும் சரி, நான் குறுக்கே நிற்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்: எதைக் கண்டால் உன் எண்ணத்தை மாற்றிக்கொள்வாய்? இதற்கு விடை உள்ளவன் நம்புகிறான். விடை இல்லாதவன் வழிபடுகிறான்.

எடுத்துக்காட்டு இரண்டு சொல்கிறேன். பர்மிங்காமில் 1866-ல் தொடங்கிய புரூக்ஸ் தோல் சீட் கம்பெனியை 2002-ல் ஓர் இத்தாலிய நிறுவனம் வாங்கியது. ஆயினும் அந்தத் தோல் சீட்டுகள் பர்மிங்காம் பகுதியிலேயே தொடர்ந்து செய்யப்படுகின்றன. ராலேயின் துணையோடு 1902-ல் பிறந்த ஸ்டர்மி-ஆர்ச்சர் கியர், 2000-ல் தைவான் நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டு, இயந்திரங்களோடு கடல் கடந்து போயிற்று. ஒன்றில் முதலாளி மாறினார், கை மாறவில்லை. மற்றொன்றில் முதலாளியும் மாறினார், கையும் மாறியது. இவற்றில் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல யாரால் முடியும்? "பழைய பெயர், ஆகவே நல்லது" என்பதும் தவறு; "விற்கப்பட்டுவிட்டது, ஆகவே கெட்டது" என்பதும் தவறு. பொருளை எடுத்துப் பார்த்தவனே பேசத் தகுதியுள்ளவன்.

புதுக்கோட்டைக்கு மணமாகிப் போன என் அக்காளின் கதையில் இன்னொரு பகுதி உண்டு. மாட்டை விற்று வாங்கிய அந்த ராலேயைத் தினமும் துடைக்கும் உரிமை அவருக்கு. ஓட்டும் உரிமை கணவருக்கு மட்டும். இருபத்து நான்கு ஆண்டுகள் இப்படியே சென்றன. 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. எழுத்தோடு சேர்த்து மிதிவண்டியும் கற்றுக்கொடுத்தார்கள். வயலில் உழைத்த பெண்கள், கல்லுடைத்த பெண்கள், செவிலியர், ஆசிரியைகள் என்று ஆயிரம் ஆயிரமாகப் பெண்கள் வண்டி ஏறினார்கள். பெண்களுக்கான வண்டி போதவில்லை. அதனால் என்ன, ஆண்கள் வண்டியில் ஏறினார்கள். குழந்தையை உட்கார வைக்க அந்தக் குறுக்குக் குழாய் உதவும் என்றும் சொன்னார்கள்! ஏளனம் எழுந்தது, அவர்கள் இறங்கவில்லை. ஒருவராவது "எந்தக் கம்பெனி?" என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த ஆண்டு அக்காளைப் பார்க்கப் போயிருந்தேன். நாற்பத்து நான்கு வயதில், வாடகை வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு, பின்னால் இரண்டு குடம் தண்ணீரோடு வந்து இறங்கினார். சிவப்பு வண்ணம் அடித்த பழைய வண்டி. கழுத்தில் பட்டயம் இருந்த இடத்தில் இரண்டு துளைகள் மட்டுமே இருந்தன.

"எந்தக் கம்பெனி அக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? பிரேக் நல்லாப் பிடிக்குது, தம்பி. ரெண்டு கல் தொலைவு நடந்தது மிச்சம்" என்றார்.

"ஓடுவது இருக்கட்டும்" என்று அவருடைய மாமனார் 1967-ல் சொன்ன சொல்லுக்கு, அக்காள் தந்த மறுமொழியாகவே அது எனக்குப் பட்டது. மாமனாருக்கு வண்டி ஊரின் வாயை அடைக்க. அக்காளுக்கு வண்டி ஊரைக் கடக்க!

இளைஞர்களே! அடுத்த முறை மிதிவண்டி வாங்கப் போகும்போது, அல்லது ஒரு செயின், ஒரு பெடல், ஒரு கியர் வாங்கப் போகும்போது, சட்டைப் பையில் ஒரு நூலும் ஓர் அடிக்கோலும் எடுத்துச் செல்லுங்கள். செய்தவர் யார், செய்த இடம் எது, பழுதானால் சீராக்குவோர் யார் என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், பணம் உங்களுடையது. உங்கள் வீட்டுத் திருமணத்தில் எவனாவது வண்டி கேட்டால், எந்தக் கம்பெனி என்று பேரம் பேசாதீர்கள். அவனுக்குக் கால் இருக்கிறது, நடந்து போகச் சொல்லுங்கள்! உங்கள் தங்கைக்கு வண்டி வாங்கிக் கொடுங்கள். அவளே அதை நூல் பிடித்துச் சோதிக்கட்டும், அவளே ஓட்டட்டும்.